உங்களுக்குத் தெரியுமா? வயிறில்லாத மீனுக்கு வைத்தியம்

● குழல்மீனுக்கு வயிறே கிடையாது. கடல்குதிரைக்கும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். பல்லும் இல்லை. விழுங்கிய இரை நேரே குடலுக்குள் போய், செரித்தது பாதி செரிக்காதது பாதியாக வெளியே வந்துவிடும். சேர்த்து வைக்க இடமில்லாததால் பகல் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிறவி. வேறு பல மீன்கள் சில நாள் பட்டினியைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும். குழல்மீனுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. உப்புநீர்த் தொட்டியில் இதற்கு நோய் வந்தால் செய்யவேண்டிய வைத்தியம் முழுவதையும் இந்த ஒரு குறைதான் ஆட்டிவைக்கிறது. என்ன நோய் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ஊட்டும் வேலையும் நடக்க வேண்டும்.

● மண்ணீரலும் இல்லை. முதுகெலும்புள்ள விலங்குகளில் நோய் எதிர்ப்புக்கு முக்கியமான உறுப்பு அது. போதாக்குறைக்கு, ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2013-ல் இன்னொன்றையும் கண்டார்கள். அகன்ற மூக்குக் குழல்மீன் என்ற ஐரோப்பிய இனத்தில், வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் காட்டிக்கொடுக்கும் மரபணுத் தொகுப்புகளில் ஒன்று வேலை செய்யவில்லை. நம் உடலில் அந்தத் தொகுப்பு பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே கடும் தொற்றுகள் வரும். குழல்மீனோ அது இல்லாமலேயே கடலில் பிழைத்து வருகிறது. ஆண் கருவைச் சுமப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்: தன் உடலோடு ஒட்டி வளரும் கருவை அந்நியப் பொருள் என்று தாக்காமலிருக்க, காவலைத் தளர்த்திக்கொண்டிருக்கலாம்.

● ஆமாம், சுமப்பது அப்பாதான். அதே ஆய்வுக் குழு கண்ட இன்னொரு செய்தி: கிருமியைச் சந்தித்துப் பழகிய அப்பா, அந்த எதிர்ப்பின் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கும் கொடுத்து அனுப்புகிறார்.

● கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நம் கடலில் இருக்கும் குழல்மீனைப் பிடித்து வீட்டுத் தொட்டியில் விட்டால் சிறை. 2001-ல் இந்தக் குடும்பம் மொத்தத்தையும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்போது புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இழுவலையில் தானாக வந்து விழுந்தாலும் விற்கக்கூடாது. ஆகவே கீழே வரும் வைத்தியக் குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பொது மீன்காட்சியகங்களும் வீட்டு வளர்ப்பாளர்களும் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவை. அங்கே அதிகம் வளர்வது கறுப்பு மஞ்சள் வளையங்கள் போட்ட குழல்மீன், நீலக்கோட்டுக் குழல்மீன், பாறையடியில் ஊர்ந்து திரியும் டிராகன்முகக் குழல்மீன் ஆகியவை.

● முதல் அறிகுறி உடம்பில் தெரியாது. வாயில் தெரியும். குழல்மீன் இரையைக் கடிப்பதில்லை. தலையைச் சட்டென மேலே வெட்டி, குழல்வாயால் உறிஞ்சி இழுக்கிறது. வினாடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. உடம்பு சரியில்லாத மீனில் தலை வெட்டுகிறது, ஆனால் இரை வாய்க்குள் போகவில்லை. மறுபடி வெட்டுகிறது, மறுபடி தவறுகிறது. இதைப் பார்த்தால் பழகிய வளர்ப்பாளர் உடனே உஷாராகிவிடுவார். செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம், குழல்வாய்க்குள் புண் இருக்கலாம், தாடையில் அடிபட்டிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

● கண்கள் தனித்தனியாகச் சுழலும். ஒன்று மேலே பார்க்கும்போது மற்றது தரையைத் துழாவும். இந்தத் துழாவல் நின்று, எதையும் பாராத பார்வையோடு மீன் ஒரு மூலையில் கிடந்தால், அன்றைக்கே தண்ணீரைச் சோதியுங்கள்.

● சோதனையில் முதலில் பார்க்கவேண்டியது அம்மோனியா. கடல்நீரின் காரத்தன்மை (pH) சுமார் 8.2, அந்த அளவில் அம்மோனியாவின் நஞ்சுள்ள வடிவம் நன்னீர்த் தொட்டிகளில் வழக்கமாக இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். நைட்ரைட் நேர்மாறு. கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு அதை மீனின் உடலுக்குள் போகவிடாமல் பெருமளவு தடுத்துவிடும். நன்னீர் மீன் வளர்த்துவிட்டு உப்புநீருக்கு வருபவர்கள் இரண்டுக்கும் ஒரே அளவு பயப்படுகிறார்கள். தேவையில்லை.

● சாதாரண மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புச் சீப்பு தெரியும். குழல்மீனில் அது முடியாது. செவுள்கள் சின்னச் சின்னக் குஞ்சங்களாக உள்ளே ஒடுங்கியிருக்கும். வெளியே ஒரு சிறு துளைதான். மருத்துவர் அங்கிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது கஷ்டம். அதனால் மூச்சை எண்ணுகிறார்கள். மீன் நன்றாக இருக்கும் நாளிலேயே நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்பவர்தான் கெட்டிக்காரர். நோய் வந்த பிறகு எண்ணினால், அதை ஒப்பிட எதுவும் இருக்காது.

● அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உடம்பில் பொன்தூள் தூவினாற்போல் மின்னினால் வெல்வெட் நோய். இதை உண்டாக்கும் உயிரி பாசிகளுக்கு உறவுக்காரன். வேலை படு வேகம். பெரும்பாலும் செவுளில்தான் முதலில் குடியேறும் என்பதால், தோலில் தூள் தெரிவதற்குள் மீன் மூச்சுத் திணறத் தொடங்கியிருக்கும்.

● வெண்புள்ளி நோய் என்றதும் இறால் பண்ணைக்காரர்கள் திடுக்கிடுவார்கள். அது வேறு, அது வைரஸ். கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி போடுவது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மீனின் மேல் தங்குவது சில நாள்தான். பிறகு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் ஒரு ஒட்டுண்ணி நூற்றுக்கணக்கில் பெருகும். வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு.

இந்தச் சுழற்சி தெரியாமல் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். மருந்து போட்டார்கள், மூன்றாம் நாள் புள்ளி மறைந்தது, குணமாகிவிட்டது என்று கொண்டாடினார்கள். மருந்து போடாமலிருந்தாலும் மூன்றாம் நாள் புள்ளி மறைந்திருக்கும். அது உதிர்ந்து கீழே பெருகிக்கொண்டிருக்கிறது. கூடுகள் சில வேளை மிகத் தாமதமாகவே வெடிக்கும். 72 நாள் வரை ஆனதாகப் பதிவு உண்டு. மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தொட்டியைப் பத்து வாரத்துக்கு மேல் மீனில்லாமல் ஓடவிடச் சொல்வது இதனால்தான்.

● இந்த ஒட்டுண்ணிக்கு நல்ல மருந்து எது என்றால் தண்ணீர்தான். தொட்டியின் உப்பைப் படிப்படியாகக் குறைத்து, ஒப்படர்த்தியை 1.025-லிருந்து 1.009-க்குக் கொண்டுவந்து சில வாரம் வைத்திருந்தால் வெண்புள்ளி உயிரியால் தாங்க முடியாது. மீன் தாங்கும். சொல்லப்போனால் மீனுக்கு ஒரு வகையில் ஓய்வு: உப்புநீரில் அதன் உடல் ஓயாமல் நீரை இழந்து, ஓயாமல் கடலைக் குடித்து உப்பை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது, அந்த உழைப்பு குறைகிறது. ஆனால் வெல்வெட்டுக்கு இது பலிக்காது. அந்த உயிரி கழிமுக நீரிலும் சுகமாக வாழும். ஒப்படர்த்தியை அளக்க மிதவைக் கருவி போதாது, ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். 1.009 என்று நினைத்துக்கொண்டு 1.012-ல் வைத்திருந்தால் வாரக்கணக்கில் செய்த வேலை வீண். இறக்குவதை இரண்டு நாளில் முடிக்கலாம். ஏற்றும்போது அதைவிட நிதானம் தேவை.

● கடல்மீன் வளர்ப்பில் ஒட்டுண்ணிக்குப் பிரம்மாஸ்திரம் தாமிரம். குழல்மீனிடம் அதை எடுக்காதீர்கள். செதில் இல்லாத, எலும்பு வளையங்களால் ஆன இந்த உடம்பு தாமிரத்தைச் சரியாகத் தாங்குவதில்லை என்பதால், அனுபவசாலிகள் வேறு வழி இருக்கும்வரை அந்தப் பக்கம் போவதில்லை. தவிர, தாமிரம் ஒரு முறை மணலிலும் பாறையிலும் ஏறிவிட்டால் நத்தையும் பவளமும் அந்தத் தொட்டியில் வாழ்வது சந்தேகம்.

● நன்னீர்க் குளியல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெப்பநிலையும் காரத்தன்மையும் தொட்டி நீரோடு ஒத்துப்போகும்படி செய்த உப்பில்லாத நீரில், ஐந்து நிமிடம் போல மீனை விட்டு எடுப்பது. கடல்மீனை நன்னீரில் விடுவதா என்று பதற வேண்டாம். குழல்மீன் குடும்பத்தில் ஆற்றிலேயே வாழும் இனங்கள் இந்தியாவிலும் உண்டு. கடலினமும் இந்தச் சிறு குளியலைப் பெரும்பாலும் தாங்கிவிடும். மீன் புரண்டால், மூச்சு நின்றாற்போல் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

இந்தக் குளியல் மருந்து மட்டுமல்ல, பரிசோதனையும் கூட. தோலில் ஒட்டியிருக்கும் சில தட்டைப்புழுக்கள் கண்ணாடிபோல் தெரிவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. நன்னீர் பட்டதும் வெளுத்துப்போய் உதிரும். குளித்த பாத்திரத்தின் அடியில் படிந்ததை ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், எதிரி யார் என்று பெயரோடு சொல்லிவிடலாம். புழு என்று தெரிந்துவிட்டால் பிராசிக்வான்டல். மனிதர்களின் நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் அதே மருந்து.

என் அபிப்பிராயம் கேட்டால், குழல்மீன் வளர்ப்பவர் வாங்கவேண்டிய முதல் மருந்து ஒரு சுமாரான மைக்ரோஸ்கோப். கடையில் நீலப் பாட்டில், மஞ்சள் பாட்டில் என்று நாலைந்து வாங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிப் பார்ப்பது மீனைக் கொல்வதற்கான நிதானமான வழி.

● ஃபார்மலின் ஊற்றினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலினுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் ஆக்சிஜன் போய்விடும். ஏற்கெனவே செவுள் பழுதாகி மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். குமிழிக் கல்லை முழு வேகத்தில் ஓடவிடாமல் ஃபார்மலினைத் தொடக்கூடாது. பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் பாட்டிலையே தொடக்கூடாது. அந்தப் படிவு கடும் நஞ்சு.

● டெட்ராசைக்ளினைக் கடல்நீரில் கரைத்து மீனைக் குளிப்பாட்டினால், கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் நம்பிப் பயன்படுத்தும் நைட்ரோஃபுரான் வகை மருந்துகள் இந்திய இறால் பண்ணைகளில் தடைசெய்யப்பட்டவை. எந்த ஆன்டிபயாடிக் ஆனாலும் பிரதான தொட்டியில் போடக்கூடாது. அம்மோனியாவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். நோயிலிருந்து தப்பிய மீன் அம்மோனியாவில் சாகும். எதைக் கொடுப்பது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

● சரி, மாத்திரையை இந்த ஊசிவாய்க்குள் எப்படிச் செலுத்துவது? உயிருள்ள இரையையே மாத்திரையாக்கிவிடுகிறார்கள். ஆர்ட்டீமியா என்ற உப்பள இறால் தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களை இது நல்லது, இது கெட்டது என்று பார்க்காமல் வடிகட்டித் தின்னும். மருந்துத் தூள் கலந்த நீரில் அதைச் சில மணிநேரம் விட்டால் வயிறு நிறைய மருந்தோடு நீந்தும். அதைக் குழல்மீன் முன்னால் விட வேண்டியதுதான். மீன் இன்னும் சாப்பிடும் நிலையில் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்ட மீனுக்குச் சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி உணவை உள்ளே செலுத்துவதுண்டு. கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்யும் வேலை அது. குழல்வாய் கிழிந்தால் திரும்ப ஒட்டாது.

தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அங்கே இயல்பாக வாழ்ந்துவந்தது ஆண் துணையில்லாமலே பெருகும் வகை.

● அதே ஆர்ட்டீமியாதான் வில்லனும். முட்டை பொரிக்கும் வெதுவெதுப்பான உப்புநீர், விப்ரியோ பாக்டீரியாவுக்குச் செழிப்பான வயல். பொரித்த நீரோடு தொட்டியில் கொட்டினால் நோயைப் படியளந்து ஊற்றுவதாக ஆகும். வலையில் வடித்து, சுத்த நீரில் அலசிப் போட வேண்டும். வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்து குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மருந்து சுமக்கும் வண்டியாக மட்டும் இருக்கட்டும். தினசரிச் சாப்பாட்டுக்கு மைசிஸ் இறால்.

● விப்ரியோவை அடக்க மருந்தைவிடக் குளிர் நல்லது. மன்னார் வளைகுடாவில் 28 பாகையிலும் குழல்மீன் சுகமாக இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஒரு மீனுக்கு ஒரு கடல். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே வெப்பத்தில் பாக்டீரியா குவிந்துவிடும். அதனால் கடல்குதிரையும் குழல்மீனும் வளர்ப்பவர்கள் பலர் தொட்டியை 23 பாகையை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாமல் நடக்காத காரியம்.

● குழல்வாயின் நுனி வெளுத்து, வீங்கி, தோல் உரிந்து வந்தால் அது மூக்கழுகல். கண்ணாடியில் இடித்த சிறு காயத்தில் பாக்டீரியாவோ பூஞ்சையோ ஏறியிருக்கும். உறிஞ்சும் குழாய் அழுகினால் உணவு நிற்கும் என்பதால், நாள் கடத்த முடியாத நோய் இது. வலையில் அள்ளாமல், நீரோடு சேர்த்து ஒரு டப்பாவில் முகந்து இடம் மாற்றினால் இந்தக் காயங்களில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

● காயத்துக்கு இன்னொரு காரணம் ஹைட்ராய்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, பூப்போன்ற கொட்டும் உயிரி. இரை போடும் தொட்டியில் தானாக முளைக்கும். அதை ஒழிக்க வளர்ப்பாளர்கள் பயன்படுத்துவது ஃபென்பெண்டசோல்: மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் பூச்சி மருந்து. நத்தைகள் பலவும் அதில் சாகும், எச்சரிக்கை.

● ஆண் கடல்குதிரையின் பையில் வாயு நிறைந்து, வால் மேலே தூக்கிப் பந்துபோல் மிதக்கும் நோய் ஒன்று உண்டு. மூடிய பை உள்ள குழல்மீன் இனங்களுக்கும் வரலாம். ஆனால் வளையக் குழல்மீன் போன்றவை முட்டைகளை உடலின் அடிப்பக்கத்தில் வெளிப்படையாகவே ஒட்டிக்கொள்வதால், பை வாயு என்ற பேச்சுக்கே இடமில்லை. தோலடியில் குமிழி வருவது வேறு. அது எந்த இனத்துக்கும் வரலாம். இரண்டுக்கும் வளர்ப்பாளர்கள் நாடுவது அசிட்டசோலமைடு, அதாவது கண் அழுத்த நோயாளிகளும் இமயமலை ஏறுபவர்களும் விழுங்கும் டயமாக்ஸ். பம்பு காற்றை உறிஞ்சி நுண்குமிழிகளை அழுத்தி நீரில் கரைக்கிறதா என்று முதலில் பாருங்கள். காரணம் அதுவானால் மாத்திரை எவ்வளவு போட்டாலும் குமிழி திரும்ப வரும்.

● மீன் இறந்துவிட்டதா? உறைபெட்டியில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து, மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. பனிக்கட்டியின் மேல் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஒட்டுண்ணிகளும் செத்த உடம்பில் தங்காமல் கிளம்பிவிடும் என்பதால், தோல் சுரண்டல் சோதனைக்கு உயிர் போகும் நிலையில் இருக்கும் மீன்தான் நன்றாகச் சாட்சி சொல்லும்.

● இறந்த மீனை அறுத்துப் பார்க்கும்போது ஈரலிலும் சிறுநீரகத்திலும் சாம்பல் வெள்ளை முடிச்சுகள் இருந்தால் மீன் காசநோய். 1926-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன்காட்சியகத்தில் செத்த கடல்மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் பிரித்தெடுத்த பாக்டீரியாவும் இந்த நோய்க்குக் காரணமான கிருமிகளில் ஒன்று. மீனுக்கு நம்பத்தக்க சிகிச்சை இன்றும் இல்லை. நோயுற்றதை அகற்றி, தொட்டியைக் காலிசெய்து கிருமி நீக்கம் செய்கிறார்கள்.

மனிதருக்கும் இது ஒட்டும். கையில் சிறு கீறலோடு தொட்டிக்குள் கைவிட்டால் போதும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஆறாத முடிச்சு எழும்பும். நம் உடலின் உட்சூடு இந்தக் கிருமிக்கு ஒத்துவராததால் கைவிரல், முழங்கை என்று குளிர்ந்த பகுதிகளிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். சாதாரண ஆன்டிபயாடிக்கில் பலருக்கு மாதக்கணக்கில் ஆறாமல் இழுத்தடிப்பதற்குக் காரணம், மருத்துவருக்கு அது தோன்றாமல் போவதே. உப்புநீரோ நன்னீரோ, மீன்தொட்டி வைத்திருப்பவர் ஆறாத கைப்புண்ணோடு மருத்துவரிடம் போனால், "வீட்டில் மீன் வளர்க்கிறேன்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். தொட்டி கழுவும்போது நீளமான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.